கேமராவில் வராத சித்தி

தவக்காலம் தொடங்கிய வாரம் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் நின்றுபோனது. பொத்தானை அமுக்கினால் உள்ளே ஏதோ கறகறவென்று சுற்றும். திரையில் ஒன்றும் வராது. நான் கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். சூரிய உதயம் எப்போது, வெந்நீர் எத்தனை மணிவரை வரும், படகுக்கு எங்கே வரிசை என்று நாள் முழுக்கச் சொல்லிவிட்டு நாகர்கோவிலுக்கு பஸ் ஏறும்போது, இனி யாரும் என்னிடம் எதுவும் கேட்கக் கூடாது என்றிருக்கும். அதனால் கம்ப்யூட்டரை அப்படியே போட்டுவைக்கத்தான் நினைத்தேன். ஆனால் அது அம்மாவுக்கு வேண்டும்.

அம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் கிடையாது. அவளுடைய தங்கை, என் சித்தி, அவளும் அப்படித்தான். மண்டைக்காட்டுக்கு அடுத்த ஒரு கடற்கரை ஊரில் பிறந்து, பள்ளிக்கூடம் பக்கம் போகாமல் வளர்ந்த இரண்டு பேரும் கையாலேயே ஒரு பேச்சை உண்டாக்கிக்கொண்டார்கள். காதுமடலைக் கிள்ளினால் சித்தி. புருவத்தை நீவினால் அம்மா. உள்ளங்கையைக் கவிழ்த்துக் கீழே அழுத்தினால் செத்துப்போவது. எனக்கும் அண்ணனுக்கும் அந்தப் பேச்சு பாதிதான் தெரியும். சோறு, மருந்து, கோயில், மழை என்கிற அளவில் எங்கள் புழக்கம் முடிந்துவிடும். மற்றதெல்லாம் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்.

சித்தி கல்யாணமாகி மும்பைக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அம்மா சேலையை மாற்றிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். சார்ஜாவிலிருந்து அண்ணன் எப்போதோ கொண்டுவந்த உருண்டை கேமரா ஒன்று திரையின் தலையில் கவ்விக்கொண்டிருக்கும். அதன் மூக்கைக் கையால் திருகிப் படத்தைத் தெளிவாக்க வேண்டும். ஒரு தடவை திருகி வைத்தால் போதும், அசையாது. அம்மாவுக்குச் சர்க்கரையால் ஒரு கண் மங்கிவிட்டது. மறு கண்ணில் ஆபரேஷன் செய்த பிறகும் பெரிதாக இருந்தால்தான் தெரியும். போனில் பேசச் சொன்னால், அந்தச் சின்னச் சதுரத்தில் சித்தியின் விரல்கள் எல்லாம் ஒன்றாகிவிடும். அதோடு போனை ஒரு கையில் பிடித்தால் பாதிப் பேச்சுதான் பேச முடியும்.

வடசேரியில் கம்ப்யூட்டர் சரிபார்க்கிற கடைக்காரர் புது டிஸ்க் போட்டு, புது சிஸ்டமும் ஏற்றிக் கொடுத்தார். வீட்டில் கொண்டுவந்து மாட்டினால் எல்லாம் பளபளவென்று வந்தது, கேமராவைத் தவிர. திரையில் அதன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் முக்கோணம். கேமரா இல்லாமல் வீடியோ அழைப்பு திறக்கவே இல்லை.

மறுநாள் வேலை முடிந்து கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். அவர் அதைக் கையில் வாங்கி ஒரு தடவை உருட்டிப் பார்த்தார்.

"அக்கா, இதுக்க கம்பெனிக்காரனே இத மறந்திருப்பான். புது சிஸ்டத்துக்கு இதுக்க டிரைவர், இத ஓட்டுற புரோகிராம், கிடையாது கேட்டேளா. தூரப் போட்டுட்டு இந்தா இத எடுத்துட்டுப் போங்க."

புதுசு ஒன்றை எடுத்துப்போனேன். அது தானாகவே தெளிவாக்கிக்கொள்ளும் ரகம். அதுதான் வினையாகிவிட்டது. அம்மா கையை முன்னால் நீட்டினால் கேமரா கையைத் தேடும், இழுத்தால் முகத்தைத் தேடும். அவளுடைய பேச்சு முழுவதும் இந்தத் தேடலுக்கு நடுவில் மங்கிப் போகிறது என்று, சோதித்துப் பார்க்கக் கூப்பிட்டபோது தனியாக வந்த சித்தியின் மகன் மும்பையிலிருந்து சொன்னான். படத்தைத் தோளுக்குக் கீழே வெட்டியும்விட்டது. மறுபடி பஸ், மறுபடி வடசேரி, திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வழக்கம்போல சேலை மாற்றி வந்து உட்கார்ந்தாள். பழைய கேமராவைக் காட்டி, கெட்டுப்போச்சு என்று கையை விரித்தேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கேமரா உடையவும் இல்லை, வயர் அறுந்துபோகவும் இல்லை. போன வாரம் இருந்த மாதிரியே இருக்கிறது. கம்ப்யூட்டர் முன்னைவிட நன்றாக ஓடுகிறது. சிஸ்டம் மாறியதால் கேமரா தெரியவில்லை என்பதை எந்தக் கையால் சொல்வது? அதற்கு எங்களிடம் பேச்சே இல்லை.

சரி, போனிலாவது முகத்தைக் காட்டுவோம் என்று கூப்பிட்டேன். சித்தியின் மகன் எடுத்தான்.

"அம்ம தூங்குதுக்கா. பொறவு கூப்பிடட்டா?"

"ஒரு நிமிசம் காட்டு மக்கா. இங்க அம்ம கெடந்து தவிக்குது."

அவன் தயங்கிவிட்டு போனைத் திருப்பினான். அரையிருட்டில் ஒரு கட்டில், மேலே இழுத்துப் போர்த்திய துணி, சாய்ந்த ஒரு தலை. அவ்வளவுதான். அம்மா போனை மூக்கோடு ஒட்டவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழைப்பு அறுந்துபோனது.

அம்மா எழுந்து போய்விட்டாள். நான் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தபோது, மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றி வைத்து முட்டுக்குத்தி இருந்தாள். என்னைக் கண்டதும் காதுமடலைக் கிள்ளினாள். பிறகு உள்ளங்கையைக் கவிழ்த்து அழுத்தினாள். கேள்வியாகக்கூட இல்லை, தெரிந்துபோன விஷயத்தைச் சொல்கிற முகம்.

இல்லை இல்லை என்று நான் தலையாட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணை மூடிவிட்டால் அவளிடம் ஒன்றும் சொல்ல முடியாது.

அவள் அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. சித்தப்பா இறந்தபோது அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆன சமயம். அழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் கட்டு அவிழ்க்கும்வரை நாங்கள் எல்லோரும் சேர்ந்து மறைத்தோம். தங்கையின் பெரிய துக்கத்தில் ஒரு வார்த்தை பேசமுடியாமல் போனதை அவள் மறக்கவில்லை. இப்போதும் அதே நாடகம் நடக்கிறது என்று முடிவுகட்டிவிட்டாள். போட்டோ அனுப்பச் சொல்லிக் காட்டினேன். பழையது என்று தள்ளிவிட்டாள். போனை நீட்டினால் கண்ணை மூடிக்கொண்டாள். கஞ்சியை மட்டும் கொஞ்சம் குடித்தாள். பச்சை, சிவப்புச் சேலைகளை மடித்து அடியில் வைத்துவிட்டு வெள்ளையில் வந்து உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் வைத்து, "மும்பைக்காரிக்கு என்ன ஆச்சி? ஒரு வார்த்த சொல்லலியே!" என்று என்னிடம் வருத்தப்பட்டாள். அம்மா அவளிடமும் உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டியிருக்கிறாள்.

அண்ணனைக் கூப்பிட்டேன்.

"ஏட்டி, அந்தச் சவம் பிடிச்ச கேமராவத் தூக்கி எறிஞ்சிட்டு வேற ரகம் ஒண்ணு வாங்கேன்."

"வாங்கிப் பாத்தாச்சிண்ணே. அதுல கை தெரியல்ல. அம்ம இங்க சித்திய அடக்கமே பண்ணியாச்சி. எனக்கு ஒண்ணுக்கும் ஏலாது."

 அவன் அங்கிருந்தே என் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து பார்ப்பதாகச் சொன்னான். நான் லாட்ஜிலிருந்து வந்து, கால் கழுவி, அம்மாவுக்கு ஊசி போட்டுவிட்டு உட்காருவேன். அவன் சார்ஜாவில் டூட்டி முடிந்து உட்காருவான். அம்புக்குறி தானாகத் திரையில் அலையும். பழைய டிரைவரை எங்கிருந்தோ இறக்கினான். இது இந்தச் சிஸ்டத்துக்கு ஆகாது என்றது கம்ப்யூட்டர். பழைய சிஸ்டம் மாதிரி நடிக்கவைத்து ஏற்றினான். ஏற்றிவிட்டேன் என்று சொல்லிவிட்டு அதே மஞ்சள் முக்கோணத்தைக் காட்டியது. கேமரா வயரை முன்பக்கத் துளையில் குத்து, பின்பக்கத் துளையில் குத்து என்பான். நான் மேசைக்கு அடியில் தவழ்ந்து போய்க் குத்துவேன். எனக்கு முதுகு விட்டுப்போகும். மூன்றாவது சாயங்காலம் அவனும் சலித்துப்போனான். "நமக்கு இது ஒத்துவராதுட்டி. நீ லீவு போட்டு அம்மயக் கூட்டிக்கிட்டு மும்பைக்குப் போ," என்றான். லாட்ஜில் சீசன். லீவா தரப்போகிறார்கள்?

அதன்பிறகு நானே தேடினேன். உலகத்தில் எத்தனையோ பேர் இதே கேமராவோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். கெஞ்சியும் திட்டியும் எழுதியிருந்தார்கள். பெரும்பாலான கேள்விகளுக்குக் கீழே பதில் இல்லை. பஸ்ஸில் வரும்போது போனில் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தேன். கொட்டாரம் தாண்டி ஒரு நிறுத்தத்தில், யாரோ ஒருவர் எழுதியது கிடைத்தது. கம்பெனி டிரைவரை அடியோடு அழித்துவிடு, சிஸ்டத்திடமே பொதுவான வீடியோ டிரைவர் ஒன்று இருக்கிறது, பட்டியலிலிருந்து அதை நீயே தேர்ந்தெடுத்துக் கொடு, அதுவாகத் தேடட்டும் என்று விடாதே. இவ்வளவுதான் எழுதியிருந்தார். கீழே ஒருவர் நன்றி சொல்லியிருந்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் உட்கார்ந்தேன். அழித்தேன். பட்டியலைத் திறந்து கொடுத்தேன். மஞ்சள் முக்கோணம் போய்விட்டது. கேமராவின் நெற்றியில் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் திரையில் வெறும் கறுப்பு.  கொஞ்ச நேரம் மேசையில் தலையை வைத்துக் கிடந்தேன். எழுந்து கட்டஞ்சாயா போட்டுக் குடித்துவிட்டு மறுபடி தேடியதில், புது சிஸ்டம் யாருக்கும் கேமராவைக் காட்டாமல் பூட்டி வைத்திருந்தது தெரிந்தது. அனுமதி கொடுக்கிற இடம் வேறெங்கோ இருந்தது. கண்டுபிடித்துத் திறந்தேன். கறுப்பு விலகி, கலைந்த தலையோடு என் முகம் வந்தது. மூக்கைத் திருகித் தெளிவாக்கினேன். மகிழ்ச்சி என்று ஒன்றும் வரவில்லை. இவ்வளவு மூப்பாகிவிட்டேனா என்றுதான் பார்த்தேன்.

மும்பைக்கு, சித்தியின் மகனைக் கூப்பிட்டேன். சித்தியை உட்காரவைத்துக் கம்ப்யூட்டரில் வரச்சொல், இல்லாவிட்டால் நாளைக்கு அம்மா இங்கே கோயிலில் இறந்தவர் பூசைக்குச் சொல்லிவிடுவாள் என்றேன். அவன் சிரிக்கவில்லை. "இந்தா வருது," என்றான்.

அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்தேன். திரையில் சித்தி வந்தாள். தலைவாரி, சலவைச் சேலை உடுத்தியிருந்தாள். அக்காளின் வெள்ளைச் சேலையைக் கண்டு பதறி, யார் செத்தது என்று கேட்டாள். அம்மா பதில் சொல்லாமல் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சித்தியின் இடது புறங்கையைச் சுட்டினாள். எனக்குத் தெரியாதது அவளுடைய மங்கிய கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அங்கே ஒரு பிளாஸ்திரி. அதைச் சுற்றி நீலம் பாய்ந்திருந்தது. ஊசி ஏற்றின கை.

சித்தி கையைக் கீழே இழுத்துக்கொண்டாள். பின்னாலிருந்து அவள் மகன் தலையை நீட்டினான்.

"மூச்சுத்திணறல், அக்கா. ஆஸ்பத்திரியில வச்சிருந்தோம். அன்னைக்கு நான் காட்டுனது அங்கனதான். பெரியம்ம பயந்துரும்னு அம்மதான் சொல்லப்பிடாதுன்னுச்சி."

அம்மாவுக்கு நான் அதைச் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. அவள் அதற்குள் கையை ஓங்கிவிட்டாள். அவ்வளவு வேகமாக அவள் பேசி நான் பார்த்ததில்லை. ஒன்றிரண்டு புரிந்தது: நீ செத்தாலும் எனக்குச் சொல்லமாட்டாயா, எவ்வளவு மெலிந்துவிட்டாய், வாயைத் திற பார்க்கட்டும், மீன் தின்கிறாயா. சித்தி முதலில் தலைகுனிந்து இருந்தாள். பிறகு அவளும் கையை எடுத்தாள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டே போனார்கள், ஒருத்தி சொல்வதை மற்றவள் பார்த்ததாகத் தெரியவில்லை. நடுவில் அம்மா அழுதாள். அழுதுகொண்டே கையை நிறுத்தாமல் பேசினாள்.

நான் அடுக்களையில் போய் மீதிச் சோற்றில் தயிரை ஊற்றி, நின்றபடியே தின்றேன். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை, வளையல் மோதுவதைத் தவிர.

இப்போதும் சிஸ்டம் அடிக்கடி தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது. சில வாரங்களில் மஞ்சள் முக்கோணம் திரும்ப வரும். நான் அழித்துவிட்டுப் பட்டியலைத் திறப்பேன். அம்மா பக்கத்து நாற்காலியில் பூப்போட்ட சேலையில் இருந்து, சீக்கிரம் என்று என் தோளில் தட்டிக்கொண்டிருப்பாள்.