அக்கா பார்க்காத பாதிப் படம்

முப்பத்தெட்டாவது நிமிடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே டிவி அருகே போய்க் குனிகிறார் டைரக்டர். "இங்க பாருங்க, வயிறு லேசா ஏறி எறங்குது. பொணமா நடிச்சவரு மூச்சு விட்டுட்டாரு. மொத்தப் படத்துலயும் இது ஒண்ணுதான் தப்பு."

பழைய கறுப்பு வெள்ளைப் படம். ஐந்தாம் மாடியில் இறந்துபோன அப்பாவை மூன்று மகன்கள் குறுகலான படிக்கட்டில் இறக்குகிறார்கள். ஒன்றரை மணி நேரமும் அதுவேதான். ஞாயிறு மதியம் யார் வந்தாலும் டைரக்டர் இதைப் போட்டுவிடுவார். அடுப்பு ரிப்பேர் பார்க்க வந்தவர்கூட ஒருமுறை தப்பவில்லை.

அவர் எடுத்தவை இரண்டு படங்கள். இரண்டும் நகைச்சுவை, இரண்டுக்கும் ஒருவரும் சிரிக்கவில்லை. இப்போது தைலத்துக்கும் குக்கருக்கும் விளம்பரம் எடுத்துப் பிழைப்பு ஓடுகிறது. தோல்வியைப் பற்றிக் கேட்டால் மழுப்பமாட்டார்.

"சிரிப்பு வர்ற எடத்துலயெல்லாம் மியூசிக்கப் போட்டு, ஜனங்க விலாவுல குத்தினேன். இந்தப் படத்த எடுத்த ஆளு குத்தல. அப்பாவோட தொப்பி கீழ விழுது. மூத்தவன் எடுக்குறான். இன்னொரு கையில பொணம், வைக்க எடமில்ல, தன் தலையிலயே வெச்சுக்குறான். எதிர்ல வர்றவரு, 'அப்படியே அப்பா மாதிரி இருக்கே தம்பி'ன்னு சொல்லிட்டு மேல ஏறிப் போறாரு. காமெடின்னு யாரும் ஒண்ணும் பண்ணல."

இந்தப் படத்துக்கு மசியாத ஒரே ஆள் அவருடைய அக்கா. அடுத்த தெருவில்தான் வீடு. பல வருடங்களுக்கு முன் பாதியிலேயே எழுந்துவிட்டார். "செத்தவங்கள வெச்சு என்னடா சிரிப்பு வேண்டிக்கெடக்கு?" பத்திரிகைக்காரர்கள் திட்டியதெல்லாம் டைரக்டருக்கு மறந்துவிட்டது. அக்கா எழுந்து போனது மட்டும் மறக்கவில்லை.

சென்ற ஆண்டு அக்காவின் கணவர் இறந்தார். கனத்த உடம்பு, லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையவில்லை. மூன்றாம் மாடியிலிருந்து படி வழியாகத்தான் இறக்க வேண்டியிருந்தது. திருப்பத்தில் இடித்துக்கொண்டு நின்றபோது, முன்னால் தூக்கியவர் மூச்சிரைக்க, ஸ்ட்ரெச்சரில் கிடந்தவரிடமே, "சார், காலக் கொஞ்சம் மடக்கிக்குங்க" என்றார்.

அக்கா சட்டென்று கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று உறவினர்கள் தாங்கிப் பிடித்தார்கள். பக்கத்தில் நின்ற டைரக்டருக்கு மட்டும் விஷயம் தெரிந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டதென்று அக்காவுக்கும் தெரிந்தது. அதன்பின் ஆறு மாதம் அக்கா தம்பி வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. போன் செய்தால் இரண்டு வார்த்தையில் வைத்துவிடுவார்.

போன ஞாயிறு தானாகவே வந்தார். உட்காரக்கூட இல்லை.

"அன்னிக்கு நான் அழலடா. நீ பாத்தேல்ல?"

"பாத்தேங்கா."

"அத்தன பேரு நிக்குறாங்க, அடக்கவே முடியல. என்ன பொம்பள நான்னு இத்தன நாளா மனசு அறுக்குது." கொஞ்சம் நிறுத்தினார். "அவரு கேட்டிருந்தா அவரும்தான் சிரிச்சிருப்பாரு."

"மாமா எல்லாரையும் விட சத்தமா சிரிச்சிருப்பாரு."

அக்கா சோபாவில் உட்கார்ந்தார். "அந்தப் படத்தப் போடு. மொதல்லேருந்து."

படம் ஓடும்போது வாய் ஓயாத டைரக்டர், அன்று முப்பத்தெட்டாவது நிமிடத்தில்கூடப் படத்தை நிறுத்தவில்லை. படித் திருப்பத்தில் மகன்கள் திணறும் இடத்தில் அக்காவிடமிருந்து சின்னதாக ஒரு சத்தம் வந்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் நீர் வழிய, வாய்விட்டுச் சிரித்தார். டைரக்டர் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, டிவிக்கு முதுகைக் காட்டி, அக்காவின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார்.