‘வருகிறேன்’ என்று சொன்ன இளவரசன்

1. ஒரு வார்த்தைதானே?

சீரியலுக்கு வசனம் எழுதக் கிளம்பியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன். நாங்கள் எடுத்தது ஒரு பழைய சரித்திரக் காதல் நாவல். அதன் கடைசிக் காட்சிக்காகவே அந்த வேலையை ஒப்புக்கொண்டேன். போருக்குப் புறப்படும் இளவரசன் அருவிக்கரையில் காதலியிடம் விடைபெறுகிறான். நம் வீடுகளில் பால் வாங்கக் கிளம்புகிறவன்கூட ‘வருகிறேன்’ என்றுதான் சொல்வான். இவன் ‘போகிறேன்’ என்கிறான். அவளுக்குப் புரிந்துவிடுகிறது. நாவலும் அங்கேயே முடிகிறது.

சேனலின் கிரியேட்டிவ் ஹெட் நாவலைப் படிக்கவில்லை. கதைச்சுருக்கத்தைப் படித்திருந்தார், அதிலும் பாதி.

“ஹீரோ சாகக் கூடாது சார். டிஆர்பி நல்லா போயிட்டிருக்கு. ‘வருகிறேன்’னு மாத்திடுங்க. ஒரு வார்த்தைதானே?”

“அந்த ஒரு வார்த்தைதான் சார் கதையே.”

“அப்ப கதையையும் மாத்திடுங்க.”

மாற்றினோம்.

2. ஐந்தருவியில் வந்தவர்

நான் தென்காசிக்காரன் என்பதால் லொக்கேஷன் பார்க்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. குற்றாலம் ஐந்தருவியில், எண்ணெய் தேய்த்துக் குளிக்க நின்றவர்களை ஒதுக்கிவிட்டு, இளவரசனை ‘வருகிறேன்’ சொல்ல வைத்தோம். எடிட்டிங்கில் இடியும் மின்னலும் சேர்த்து, அந்த ஒரு சொல்லை இரண்டு எபிசோடுக்கு இழுத்தார்கள்.

அப்புறம் ஹீரோவுக்குச் சினிமா வாய்ப்பு வந்தது. எங்களிடம் மட்டும் அவர் சரியாக, “போறேன் சார்” என்றார்.

அடுத்த வாரமே ‘இனி இளவரசனாக இவர்’ என்று கார்டு போட்டு, வேறொருவரை அதே அருவிக்கரைக்குக் கூட்டிவந்தோம். கதாநாயகி ஓடிவந்து, “நீங்கள் வருவீர்கள் என்று எனக்குத் தெரியும்” என்று அவரைக் கட்டிக்கொண்டாள். வசனம் என்னுடையது. எழுதும்போதே எனக்குக் கூசியது.

ஷாட் முடிந்ததும், அங்கே மங்குஸ்தான் விற்கும் இசக்கியம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டாள். சீரியலை ஒருநாள் விடாமல் பார்ப்பவள்.

“ஏ அண்ணாச்சி, வாரேன்னு சொல்லிட்டுப் போனது வேற ஆளுல்லா? இவன யாருன்னு நெனச்சி அந்தப் புள்ள கட்டிப் புடிக்கா?”

கிரியேட்டிவ் ஹெட் சிரித்தார். “கொஞ்ச நாள்ல பழகிடும்மா.”

“ஒங்களுக்குப் பழகிரும். அவ காத்துக் கெடந்தது அவனுக்குல்லா?”

அவர் மானிட்டர் பக்கம் நகர்ந்துவிட்டார். நாவலில் அவன் செத்தாலும் கடைசிவரை அவளுடையவனாகவே இருந்தான். நாங்கள் அவனைப் பிழைக்கவைத்து அவளிடமிருந்து பிடுங்கிவிட்டோம்.

உங்களிடமும் ஒருநாள் ‘வருகிறேன்’ என்று மாற்றச் சொல்வார்கள். எழுதுவதற்கு முன்னால், வரப்போவது யார் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.