கார்டை உரசாதீக

வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றி, இரண்டையும் ஜோடியாக ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் சண்முகத்தாய் உள்ளே வருவார். கோயில் எல்லாம் இல்லை. சிவகாசிக் கடைவீதிக்குப் பின்னால் இருக்கும் கார் நிறுத்துமிடம். வந்ததும் வேலியின் இரும்புத் தூணில் உள்ளங்கையை வைத்து ஒரு கணம் நிற்பார். அதற்குப் பிறகுதான் கட்டண மீட்டரில் கை வைப்பார். மீட்டர் என்றால் ஆள் உயரக் கம்பம், உச்சியில் ஒரு சின்னத் திரை. காசு போட ஓட்டை கிடையாது. வங்கி கார்டைக் காட்டினால் வாசலை மறித்திருக்கும் கம்பு மேலே போகும். திரும்பிப் போகும்போது இன்னொரு தரம் காட்டினால், நின்ற நேரத்துக்குக் கட்டணத்தை எடுத்துக்கொண்டு வழிவிடும்.

தீப்பெட்டி ஊர் அல்லவா, வருகிறவர்களின் கை சும்மா இருப்பதில்லை. கார்டைத் திரையில் வைத்துச் சரக் சரக்கென்று இழுப்பார்கள். "உரசாதீக சார், உரசாதீக! தீக்குச்சியா அது? சும்மா காமிச்சாப் போதும், அதுவே எடுத்துக்கிடும்" என்று சண்முகத்தாய் ஓடி வருவார். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது இதைச் சொல்ல வேண்டியிருக்கும். நூறாவது ஆளுக்கும் முகம் சுளிக்க மாட்டார். இத்தனைக்கும் அவர் பெயரில் ஒரு வங்கி கார்டு வந்ததே இந்த வேலையில் சேர்ந்த பிறகுதான்.

நிறுத்துமிடத்தைக் குத்தகைக்கு எடுத்த கம்பெனியின் மேற்பார்வையாளர் முத்துக்கிருஷ்ணன். முப்பத்திரண்டு வயது, விருதுநகர்க்காரர், எதற்கும் விதி பார்க்கிற மனிதர். தூணைத் தொடுவதை அவர் முதலில் சாமி கும்பிடுவது என்றே நினைத்திருந்தார். ஒருநாள் கேட்டுவிட்டார்.

"சாமியுமில்ல, பூதமுமில்ல சார். பட்டாசுக் கம்பெனியில வெடிமருந்து கலக்குற மருந்து ரூம் வாசல்ல செம்புத் தகடு அடிச்சிருப்பாக. அதைத் தொட்டு, ஒடம்புல இருக்க கரண்டை எறக்கிட்டுத்தேன் உள்ள போகணும். பதினாறு வருசம் பழகுன கை. இங்கனயும் கேக்க மாட்டேங்குது."

கை மட்டுமா? நைலான் சேலை கட்ட மாட்டார், ஊக்குக் குத்த மாட்டார். கம்பெனி கொடுத்த போன் வேலியோரம் மஞ்சள் பைக்குள் கிடந்து கத்திக்கொண்டே இருக்கும். மருந்து ரூமில் இருந்தபோது ஒருநாள் பக்கத்து ரூம் வெடித்தது. வெளியே ஓடி வந்தவர் அதற்கப்புறம் அந்தக் கேட்டுக்குள் கால் வைக்கவில்லை. இங்கே சம்பளம் குறைவுதான். "கொறஞ்சா கொறஞ்சிட்டுப் போகுது. இது போச்சுன்னா மறுபடி மருந்துக்குத்தேன் போகணும் சார். இந்த வயசுல வேற யாரு என்னையக் கூப்புடுவாக?" என்று முத்துக்கிருஷ்ணனிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. அதனால் ஒரு புகாரே வந்தது. மணிக்கு ஒருமுறை வரிசையாக நடந்து, ஒவ்வொரு காரின் பின்பக்கமும் குனிந்து மூச்சை இழுப்பார். "உங்க ஆளு என் காரை மோந்து பாக்குது சார்" என்று ஒரு அம்மா போனில் பொரிந்து தள்ளினாள். முத்துக்கிருஷ்ணன் தலையில் அடித்துக்கொண்டு கேட்டபோது, "மூக்குக்கு லீவு விட முடியுமா சார்?" என்றார் சண்முகத்தாய். விளக்கம் அவ்வளவுதான்.

அவர் கழுத்தில் ஒரு ஊழியர் அட்டை தொங்கும். அதைக் காட்டினால் கட்டணம் இல்லாமலே கம்பு திறக்கும். ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் மட்டும் என்று கண்டிப்பான உத்தரவு. ஒவ்வொரு முறை திறப்பதும் விருதுநகர் அலுவலகத் திரையில் தெரியும். முறைகேடாகத் திறந்தால் அன்றைக்கே அட்டையைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. விடியற்காலை மழை பெய்து, பிறகு மண்டையைப் பிளக்கிற வெயில். முத்துக்கிருஷ்ணன் ரயில் நிலையப் பக்கம் இன்னொரு மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அலுவலகத்திலிருந்து போன்: "கடைவீதியில என்னய்யா நடக்கு? பத்து நிமிசத்துல பத்தொன்பது வண்டி சும்மா வெளிய போயிருக்கு!" அவருக்கு ரத்தம் கொதித்தது. சண்முகத்தாய்க்குப் போட்டார், எடுக்கவில்லை. பைக்கை முறுக்கினார்.

போய்ச் சேர்ந்தால் இடம் துடைத்துவிட்ட மாதிரி காலி. நட்டநடுவில் ஒரே ஒரு வெள்ளை வேன். அதன் டிரைவர் விக்னேஷ்குமார், ராஜபாளையத்துப் பையன், சாப்பிட்ட கையோடு நின்று கத்திக்கொண்டிருந்தான். சண்முகத்தாய் ஒரு அட்டைப்பெட்டியை மார்போடு அணைக்காமல், கையை நீட்டி ஏந்திக்கொண்டு, பின்னால் இருந்த காலி மனைக்கு அடிமேல் அடி வைத்துப் போய்க்கொண்டிருந்தார். மனையின் நடுவில் அதை இறக்கினார். திரும்பி வரும்போதுதான் வேகமாக வந்தார்.

"யாரைக் கேட்டுக்கா தொறந்தீக? பத்தொன்பது வண்டி!" முத்துக்கிருஷ்ணன் கை நீட்டினார். "கார்டைக் குடுங்க மொதல்ல."

"நாந்தேன் தொறந்தேன் சார். வேன் பூட்டிக் கெடந்துச்சு, டிரைவர் தம்பியக் காணல. மீட்டருக்குக் கார்டுதேன் தெரியுது, ஆளு தெரியல. யாருன்னு போய்த் தேட? மத்த வண்டியில டிரைவருக படுத்திருந்தாக, எழுப்பி அனுப்பிட்டேன். ஒவ்வொருத்தரும் கார்டைத் தேடிக் காமிக்கிற வரைக்கும் அது பொறுக்காது." சொல்லிக்கொண்டே அட்டையைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"எது பொறுக்காது?"

"அந்தப் பெட்டி. தம்பி வந்து கதவைத் தொறந்த பொறவுதேன் எடுக்க முடிஞ்சுது. லேபிள் இல்லாத சரக்கு. மழையில நனைஞ்சிருக்கு. மருந்து ஈரம் பட்டு வேர்த்தா மூத்திர வாடை வரும் சார். பொறவு தானாச் சூடேறும்."

"அரை வெலைக்கு வாங்குனது! அதைப் போய் மண்ணுல வச்சிருக்கு இந்தப் பொம்பள" என்று விக்னேஷ்குமார் மனையைப் பார்த்து நடந்தான். சண்முகத்தாய் குறுக்கே போய் இரண்டு கையையும் விரித்து நின்றார். "அங்கன போகக் கூடாது தம்பி. என்னைய அடிச்சுப் போட்டுட்டு வேணா போ." அவன் திட்டாத திட்டில்லை. ஐந்து நிமிடம் ஆயிற்று, ஒன்றும் நடக்கவில்லை. முத்துக்கிருஷ்ணனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நானே போய்ப் பார்க்கிறேன் என்று இரண்டு எட்டு வைத்தார். மேற்பார்வையாளரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார் அந்த அம்மாள்.

முதலில் உஸ்ஸென்று ஒரு சத்தம். பிறகு வெயிலையே மங்கலாக்குகிற ஒரு வெள்ளை வெளிச்சம். அதற்குப் பின்தான் காது அடைத்தது. மூவரும் தரையில் கிடந்தார்கள். மனையோரத்து வேப்பமரம் பாதி இலையைக் கொட்டியிருந்தது.

முத்துக்கிருஷ்ணன் எழுந்து உட்கார்ந்து வேனைப் பார்த்தார், காலியாகக் கிடந்த பத்தொன்பது இடங்களைப் பார்த்தார். அந்த வண்டிகள் எல்லாவற்றிலும், டிக்கி கொள்ளாமல் தீபாவளிப் பட்டாசு. சுற்றிலும் கடைகள், கடைகளில் ஜனம். திரையும் கணக்குமாய் அலுவலகத்தில் அத்தனை பேர் இருந்தும், இந்தத் தெருவைக் காப்பாற்றியது ஒரு மூக்கா! இப்படி ஒரு மனுசியையா கார்டைக் குடு என்று கேட்டோம் என்று நினைத்தபோது கூச்சமாக இருந்தது.

சண்முகத்தாய் அதற்குள் எழுந்துவிட்டார். விக்னேஷ்குமார் பல் கிட்டித்து நடுங்கிக்கொண்டிருந்தான். அவன் இரண்டு கையையும் பிடித்து முகர்ந்தார். "பெட்டிய நீதான தூக்கி வச்ச? ஒட்டியிருக்கு, வா" என்று குழாயடிக்கு இழுத்துப் போய்ச் சோப்புப் போட்டார். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு; பச்சைப் பிள்ளைக்குக் கழுவுகிற மாதிரி. இவ்வளவு நேரம் திட்டியவன் ஓவென்று அழுதான். "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்றார்.

முத்துக்கிருஷ்ணனின் சட்டைப் பையில் போன் அடித்தது, விருதுநகர். எடுக்கவில்லை. கையில் இருந்த ஊழியர் அட்டையின் நாடாவை விரித்துப் பிடித்தபடி குழாயடிக்குப் போய், அவர் பின்னால் நின்றார். சண்முகத்தாய்க்கு இரண்டு கையிலும் சோப்பு. திரும்பிப் பார்க்காமல் தலையை மட்டும் கொஞ்சம் குனிந்து கொடுத்தார்.