தெருவே புழு கொண்டுவந்த நாள்

பிள்ளைகளே, எங்கள் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் என் மகள்தான். நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவன்.

அவள் உயிரியல் படித்த கடைசி வருடம், நொச்சி இலைச் சாறு டெங்கு கொசுவின் புழுக்களைக் கொல்லுமா என்று ஆய்வு செய்தாள். அதற்காக மொட்டைமாடியில், வலை கட்டிய டப்பாக்களில் புழு வளர்த்தாள். வெள்ளிக்கிழமை கல்லூரியில் முடிவைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்த வருடம் பட்டம் கிடையாது.

செவ்வாய்க்கிழமை, மாநகராட்சியிலிருந்து கொசு ஒழிப்புக்கு வரும் அக்கா மாடி ஏறினார். தேங்கிய தண்ணீரைக் கண்டால் கவிழ்ப்பதுதான் அவர் வேலை. என் மனைவி ஓடிப் போய்ச் சொல்வதற்குள் எல்லா டப்பாவும் காலி. நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது மகள் ஈரத்தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அந்த அக்காவும் கலங்கிப் போயிருந்தார். "புழு வளக்கறதுக்கும் ஒரு படிப்பு இருக்குன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். அக்காவும் பின்னாலேயே வந்தார். எங்கள் பக்கம் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. எல்லா வீட்டு வாசலிலும் நீல டிரம் நிற்கும். "உங்க டிரம்ல கொசுப்புழு இருக்கா? என் படிப்புக்கு வேணும்," என்று கேட்டாள்.

"எங்க வூட்லயா? ஒண்ணுகூட இல்ல பாப்பா!" என்றார்கள் எல்லாரும். பேச்சு அவளோடு, பார்வை மட்டும் பின்னால் நின்ற அக்காவின் மேல். புழு இருந்தால் அபராதம் என்று பயம்.

மகளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "அக்கா, நீங்க முக்குக் கடையில ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்."

அக்கா முக்குத் திரும்பியதும் கதவுகள் திறந்தன. டிபன் பாக்ஸில், சொம்பில், பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் புழு வந்தது. எதிர்வீட்டுக் கன்னடத்து அம்மா ஒரு வாளியையே தூக்கி வந்து, "ஹுளா பேகா? தகோ!" என்றார். புழு வேணுமா, எடுத்துக்கோ என்று அர்த்தம்.

"இப்பத்தான் ஒண்ணுகூட இல்லன்னு சொன்ன வூட்லதான் வாளி நெறய இருக்குது!" என்றேன்.

"சும்மா இருண்ணா, புள்ள படிப்புக்குன்னுதான் குடுக்கறோம்," என்றார் பக்கத்து வீட்டுத் தம்பி.

மகள் லென்ஸ் வைத்து, டெங்கு கொசுவின் புழுக்களை மட்டும் பிரித்தெடுத்தாள். பிறகு வீடு வீடாகப் போய் டிரம்மைத் தேய்த்துக் கழுவ வைத்தாள். புதன்கிழமை நொச்சிச் சாறு ஊற்றினாள். மறுநாள் காலை ஒரு புழுவும் நெளியவில்லை. "அப்பா, வேல செய்யுது!" என்று அவள் போட்ட சத்தம் தெருக்கோடிவரை கேட்டது.

பட்டம் வந்தது. அடுத்து நுழைவுத் தேர்வு எழுதி மருத்துவக் கல்லூரியிலும் சேர்ந்தாள். ஆய்வையும் விடவில்லை, முதல் விடுமுறைக்கு வந்ததும் மாடியில் மறுபடி டப்பாக்கள்.

போன வாரம் அதே அக்கா வந்தார். மாடிப்படியில் கால் வைக்காமல், கீழேயே நின்று குரல் கொடுத்தார்.

"டாக்டரம்மா! மேல இருக்கறத கொட்டட்டுமா, வேணாமா?"