டாக்டர் சொன்னதை டீச்சரிடம் சொன்னேன்

என் மகள் மேலுதடு பிளந்தபடி பிறந்தாள். அண்ணத்திலும் பிளவு. குடித்த பால் மூக்கு வழியே வரும். நாகலூர் எஸ்டேட்டில் என்னோடு காப்பிப் பழம் பறிக்கும் பெண்கள், கிரகணத்தன்று நான் வெளியே போனதுதான் காரணம் என்று என் காதுபடவே பேசினார்கள். சேலத்தில் இரண்டு முறை ஆபரேஷன் நடந்தது. உதடும் அண்ணமும் நன்றாகவே கூடிவந்தன.

கடைசியாகக் காட்டப் போனபோது டாக்டரம்மா என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "கருவுல முகமும் மூளையும் ஒண்ணாத்தான் உருவாகுதுங்கம்மா. அதனால இப்படிப் பிறக்கிற சில குழந்தைங்களுக்குப் படிக்கிறது கொஞ்சம் சிரமமா இருக்கலாம். எல்லாருக்கும் வராது. வந்தாலும் புத்தி இல்லைன்னு அர்த்தமில்ல. சீக்கிரமே பயிற்சி குடுத்தா நல்லது."

மூன்றாம் வகுப்பில் அது தெரிந்தது. ஒரு கதையைக் காதால் கேட்டால் ஒன்றுவிடாமல் திருப்பிச் சொல்வாள். அதையே படிக்கச் சொன்னால் இரண்டாவது சொல்லிலேயே நின்றுவிடுவாள். சோம்பேறித்தனம் என்றார் டீச்சர். "உதடுதான் நல்லாயிருச்சே, இன்னும் என்னங்க?"

டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். உதவி செய்வார் என்று நம்பித்தான் சொன்னேன். அவர் காதில் மூளை என்ற சொல் மட்டும் விழுந்தது.

"ஏனுங்க, இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லீங்க? நானும் வீணாக் கத்திக்கிட்டுக் கெடந்தேன்."

மறுநாளிலிருந்து என் மகளுக்குக் கடைசி பெஞ்ச். திட்டவில்லை, அடிக்கவில்லை, படிக்கவும் சொல்லவில்லை. போர்டு துடைக்க மட்டும் கூப்பிட்டார்.

ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: "அம்மா, எனக்கு மூளை இல்லியா?"

"ஆரு கண்ணு சொன்னது?"

"டீச்சர்தான். பக்கத்து கிளாஸ் டீச்சர்கிட்டச் சொன்னாங்க."

அதன்பிறகு வாராவாரம் வேலைக்கு லீவு போட்டு அவளைச் சேலத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே டாக்டரம்மா சொன்ன பயிற்சியைத் தரும் ஒரு பெண் ஒவ்வொரு எழுத்தையும் வாயால் சொல்லவைத்து, விரலால் எழுதவைத்துப் பழக்கினார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மெதுவாக, வரியில் விரலை வைத்து, தானாகவே படிக்கத் தொடங்கினாள்.

அந்தச் சந்தோஷத்தில் அவளை டீச்சரிடம் கூட்டிக்கொண்டு ஓடினேன். ஒரு பக்கம் முழுவதும் படித்துக் காட்டினாள்.

"மனப்பாடம் பண்ணியிருக்குதுங்க," என்று டீச்சர் சிரித்தார்.

"வேற பக்கம் எடுத்துக் குடுங்க."

"இப்ப நொம்ப வேலை கெடக்குதுங்க. அப்புறம் பாக்கலாம்."

அந்த அப்புறம் வரவே இல்லை.

இப்போது ஏற்காட்டில் வேறொரு பள்ளிக்கூடத்தில் ஆறாவது படிக்கிறாள். வாசிப்பு இன்னும் மெதுவாகத்தான். ஆனால் டாக்டர் சொன்னதைப் பற்றி அங்கே நான் வாயே திறக்கவில்லை. சொன்னால் ஒதுக்குவார்கள், சொல்லாவிட்டால் சோம்பேறி என்பார்கள். சோம்பேறி என்ற பெயரே போதும் என்று இருந்துவிட்டேன். வீட்டில் எனக்கு மட்டும் படித்துக் காட்டுவாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் யாராவது வந்தால் புத்தகத்தை மூடிவிடுவாள்.

பழைய டீச்சரை எப்போதாவது பஸ்ஸில் பார்க்கிறேன். "பாப்பா எப்படி இருக்குதுங்க? பாவம்," என்று பிரியமாகத்தான் கேட்கிறார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.