சிலுவை துடைத்த துணி

பெரிய வெள்ளிக்கிழமைக்கு எங்கள் மாதா கோயிலில் இரண்டு சிலுவைகள் வைப்பார்கள். பீடத்தடியில் ஆளுயரச் சிலுவை ஒன்று. சனம் முழங்காலில் வரிசையாகப் போய் ஆண்டவருடைய பாதத்தை முத்தமிட்டுக் கொஞ்சும். பின்வாசலில், ஒரு முக்காலியில், முழ நீளச் சிலுவை ஒன்று. அது எங்களுக்கு. நாங்கள் ஊருக்கு உடுப்பு வெளுக்கிற ஆட்கள்.

எங்களுக்கென்று தனிச் சிலுவை இருக்கிறதே என்று சின்ன வயதில் எனக்குப் பெருமை வேறு.

அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை சுமக்கப் போய்விட்டார். வெளுப்பு அம்மாவோடுதான். பீடத்துக்கு விரிக்கிறது, சுவாமியார் உடுக்கிறது, ஒவ்வொருவரும் கொஞ்சின பிறகு பெரிய சிலுவையின் பாதத்தைத் துடைக்கிற வெள்ளைத் துணி, எல்லாம் அவர் கையால்தான். கடற்காற்றுக்குக் கஞ்சி நிற்காது என்பார்கள். அம்மா போட்ட கஞ்சி நிற்கும். இதை இன்றைக்கும் யார் முன்னாலும் சொல்வேன்.

எனக்கு எட்டு வயதிருக்கும். அந்த முறை பெரிய சிலுவைக்குப் புதுச் சாயம் பூசியிருந்தார்கள். ஆணி அடித்த இடம் உண்மைக் காயம் போல இருக்கிறதென்று பள்ளிக்கூடத்தில் ஒரே கதை. பார்க்காமல் இருக்க எனக்கு ஏலவில்லை. அம்மாவின் கையை விட்டுவிட்டு வரிசைக்குள் புகுந்தேன். பாதம் கிட்ட வந்துவிட்டது. அப்போதுதான் கோயில் காரியமெல்லாம் பார்க்கிற மூப்பர் என் தோளைப் பிடித்துத் தூக்கிப் பின்வாசல் வரை இழுத்துவந்தார்.

“உன்ர பெட்டைக்கு இடம் தெரியாதோ? இதுவோ நீ வளர்த்த வளர்ப்பு?” என்று அம்மாவைக் கேட்டார். சுவாமியார் எங்களைப் பார்த்தார். பிறகு புத்தகத்தைப் பார்த்தார்.

அம்மா சின்னச் சிலுவைக்கு முன்னால் என்னை முழங்காலில் விட்டு, தானும் இருந்தார். கொஞ்சினோம். எல்லாம் முடிந்ததும் வழக்கம்போல ஊத்தைத் துணி மூட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

திருநாளுக்கு வீட்டுக்கு வந்திருந்த அப்பா குதித்தார். “அவையளின்ர எச்சிலைத் தோய்க்க மட்டும் நாங்கள் வேணுமோ? ஒண்டையும் குடுக்காதை! ஞாயிற்றுக்கிழமை வெறும் பீடத்தில பூசை வைக்கட்டும், பாப்பம். நாங்கள் இனி அந்தப் பக்கம் போறேல்லை.”

“மூப்பரின்ர பீடமோ அது?” என்றார் அம்மா.

“பிள்ளையை இழுத்தெறிஞ்சிருக்கிறான்!”

“ஓம், எறிஞ்சவர்தான். ஆண்டவரைப் பிடிச்சுக் குடுத்தவையும் கோயில்காரர்தானே. அவையளுக்காக நான் அவரை விடுறதோ?”

“உன்னோட கதைக்க ஏலாது,” என்று அப்பா பீடியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஞாயிறு விடிய, சிரட்டைக்கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் மினுக்கின துணிகளைச் சைக்கிளில் வைத்து, ஒரு சுருக்கம் விழாமல் உருட்டிக்கொண்டு போனவரும் அதே அப்பாதான். கோயில் வாசலில் நின்று மூப்பரை நன்றாக முறைத்துவிட்டுத் திரும்பினார். மூப்பரின் வேட்டியும் அம்மா வெளுத்ததுதான். ஆனாலும் பீடத்துத் துணிக்கு முன்னால் அது பழுப்பாகத்தான் தெரிந்தது.

இப்போது பின்வாசலில் முக்காலி இல்லை. மூப்பரின் பேரப்பிள்ளைகளோடு ஒரே வரிசையில் போய்ப் பெரிய சிலுவையைக் கொஞ்சுகிறேன். கோயிலில் குறை இன்னும் இருக்கிறது, என் கண்ணுக்கும் தெரியும். போகாமல் விட்டதில்லை. அம்மாவின் பிள்ளை நான்.

அந்த வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் இடையில் வந்த சனிக்கிழமைக் காலையைத்தான் அடிக்கடி நினைப்பேன். கிணற்றடியில் மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றாய்த் தண்ணீரில் போட்ட அம்மா, பாதம் துடைத்த துணியை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். மடித்தார். கண்ணை மூடி அதைக் கொஞ்சினார்.

“சீ, ஊத்தைத் துணியைப் போய்க் கொஞ்சுறீங்களே அம்மா!” என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மாவும் சிரித்துக்கொண்டே அதைத் தண்ணீரில் போட்டார்.

முந்தின நாள் முழுக்க அந்தத் துணி யாருடைய பாதத்தோடு இருந்துவிட்டு வந்தது என்று எனக்கு அப்போது யோசிக்கத் தெரியாது.