முன் பிரேக் எந்தக் கை?

நன்றாக ஓடுகிற சைக்கிளை எவனும் சைக்கிள் கடைக்குக் கொண்டுவர மாட்டான். அதனால் இருபத்திரண்டு வருஷமாக நான் பார்த்ததெல்லாம் பஞ்சர், ரிம் பெண்டு, அறுந்த செயின்தான். கடை திருவட்டாறில். நகக்கண்ணில் கிரீஸ் ஏறிப்போய், கல்யாண வீட்டுப் பந்தியில் கையை மறைத்துச் சாப்பிடுகிற என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் கேட்டால் சிரிப்பார்கள், நீங்கள் சிரிக்க மாட்டீர்கள்.

டிவி பெட்டியில் வந்தது

ஜெனிஸ் மண்டைக்காட்டுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரன். இருபத்தாறு வயது. கல்ஃபில் நாலு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு, 2012 வாக்கில் ஊருக்குத் திரும்பியவன். கல்ஃபில் ஒரு ஜெர்மன்காரர் விற்றுவிட்டுப் போன மலைச் சைக்கிளைக் கழற்றி, ஒரு டிவி பெட்டிக்குள் அடுக்கிக் கொண்டுவந்திருந்தான். சக்கரத்தையும் ஹேண்டில்பாரையும் என் கடையில் வைத்துப் பூட்டினோம். முன்னால் ஷாக், பின்னால் ஷாக், சக்கரத்தில் டிஸ்க் பிரேக். எனக்குப் பாதி புரியவில்லை. தெரியாது என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. எல்லாம் அறிந்தவன் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். அந்தச் சவத்துப் பெருமைதான் பின்னால் வினையாக வந்தது.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மட்கார்டு இல்லை, ஸ்டாண்டு இல்லை, கேரியர்கூட இல்லை, இது என்ன சைக்கிள் என்றேன்.

"கேரியர் வச்சா மீன் கொண்டு போவலாம் அண்ணே. நான் என்னைய மட்டும்தான் கொண்டு போறேன்," என்றான்.

தோட்டத்துச் சரிவு

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்தவன், என்னையும் இழுத்துக்கொண்டு ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனான். உச்சியிலிருந்து ஓடை வரைக்கும் செங்குத்தான சரிவு. நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு பாறை. நான் பாறைக்குக் கீழே ஒதுங்கி நின்றேன்.

சீட்டைத் தாழ்த்தி, உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, பிட்டம் பின் டயரில் உரசுகிற மாதிரி இறங்கி வந்தான். நான் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பாறையைப் பார்க்கவில்லை, அதற்கு அப்பால் சக்கரம் விழப்போகிற இடத்தைப் பார்த்தான். விளிம்பில் சைக்கிள் தரையை விட்டது. ஒரு சத்தமும் இல்லை. பிறகு பூனை குதித்த மாதிரி இரண்டு சக்கரமும் மண்ணில் பதிந்தன. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை. உடையாத சைக்கிள் என்னென்ன செய்யும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். பக்கத்தில் ரப்பர் பால் எடுக்க வந்த தங்கம்மை வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றிருந்தாள்.

"எறங்கதுக்கு இவ்வளவு ஆசை உள்ளவன் என்னத்துக்கு மக்கா ஏறினான்?" என்று என்னிடம் கேட்டாள்.

நான் செய்த திருத்தம்

அந்தத் தோட்டத்திலேயே இவனைப் போன்ற ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு போட்டி வைத்தார்கள். முந்தின நாள் ஜெனிஸ் சைக்கிளை என்னிடம் விட்டுப்போனான். உப்புக்காற்றில் பிரேக் கேபிள் இரண்டும் துருவேறியிருந்தன. மாற்றும்போது பார்த்தேன், இடக்கையில் முன் பிரேக், வலக்கையில் பின் பிரேக். நம்மூர் சைக்கிளில் வலக்கைதான் முன் பிரேக் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எவனோ தெரியாத்தனமாக மாற்றிப் பூட்டியிருக்கிறான் என்று நினைத்துச் சரிசெய்துவிட்டேன். ஜெர்மன்காரர் ஊர் வழக்கமே அப்படித்தானாம். கேட்டிருந்தால் ஜெனிஸ் சொல்லியிருப்பான். கேட்கவில்லை. மாற்றியதை அவனிடம் சொல்லவும் இல்லை.

காலையில் சைக்கிளைக் கடையிலிருந்து நேராக ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். உச்சியில் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டுப் புறப்பட்டான். பாறைக்கு மேலே வந்ததும், பின் சக்கரத்தைப் பிடிக்கிறோம் என்று நினைத்து வலக்கையை இறுக்கினான். முன் சக்கரம் நின்றது. ஆள் ஹேண்டில்பாரைத் தாண்டிப் பாறையில் விழுந்தான். ஹெல்மெட் பிளந்துவிட்டது. முதலில் ஓடியது நான்தான். தோளில் காறை எலும்பு முறிந்து தோலுக்கு அடியில் புடைத்து நின்றது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"அண்ணே, பிரேக் நல்லாப் பிடிக்குது," என்றான்.

ஆஸ்பத்திரியில்

சைக்கிளை நிமிர்த்தி பிரேக் லிவரை அமுக்கியபோதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மற்றவர்கள் பாறை வழுக்கிவிட்டது என்றார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் என் பிழைப்புக்கு ஒரு கேடும் வராது. மூன்று நாள் மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

நாலாம் நாள் போனேன். கட்டுப் போட்டுப் படுத்திருந்தான். பக்கத்தில் அவன் அம்மா ரோஸ்மேரி இருந்தாள், மீன் விற்கிறவள். அவன் என் முகத்தைப் பார்க்காமல், "சைக்கிள யாருக்காவது குடுத்திருங்க அண்ணே. பின் பிரேக்குன்னு நெனச்சு முன் பிரேக்கப் பிடிச்சிட்டேன். கை மறந்து போச்சு. கைய நம்ப முடியல்லன்னா மலையில ஏறப்பிடாது," என்றான்.

எலும்பு ஒட்டிவிடும், இந்த முறிவு ஒட்டாது. இதைச் செய்தவன் நான். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. நான்தான் கேபிளை மாற்றினேன் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "ஒரு வாக்கு சொல்லியிருக்கப்பிடாதா பாவி," என்று ரோஸ்மேரி அழுதாள். ஜெனிஸ் தன் வலக்கையை மடக்கி விரித்துப் பார்த்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"அப்போ என் கை சரியாத்தான் செஞ்சிருக்கு," என்றான்.

இடக்கை

சைக்கிளை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. கேபிளைப் பழையபடி மாற்றி, இடது லிவரில் வெள்ளைப் பெயின்டால் 'முன்' என்று எழுதி வைத்திருந்தேன். ஐந்து மாதம் கழித்து வந்தான். எழுதியதைப் படித்தான். பிறகும் ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கிச் சுற்றிவிட்டு, ஒவ்வொரு லிவராக அமுக்கிப் பார்த்தான். அதுவரைக்கும் என் வேலையை அவன் சோதித்துப் பார்த்ததே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றது பெரிய தண்டனை.

அன்றைக்கே சரிவுக்குப் போனோம். நான் பழைய இடத்தில், பாறைக்குக் கீழே நின்றேன். உச்சியில் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு, "அண்ணே, முன் பிரேக் எந்தக் கை?" என்று கூப்பிட்டுக் கேட்டான். இடக்கையைத் தூக்கிக் காட்டினேன். அவன் அசையவில்லை.

"கையக் காட்டினா போராது அண்ணே, வாயத் தொறந்து சொல்லுங்க," என்றான்.

சொன்னேன், அவனும் நல்லபடியாக இறங்கிவிட்டான். ஆனால் அன்றிலிருந்து ஒரு நட்டைத் திருப்பினாலும் சைக்கிள்காரனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டே திருப்புவதால், திருவட்டாறிலேயே பெரிய வாயாடி மெக்கானிக் என்று எனக்குப் பேராகிவிட்டது.